வெள்ளிக்கிழமை மாலை ஸ்பூன்ஸுக்குக் கூப்பிட்டால்

கேள்வி இது: "மான்செஸ்டரில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. எங்கள் குழுவில் ஒருவர் வேலையை விட்டுப் போகிறார். அதற்காக வெள்ளிக்கிழமை மாலை டீன்ஸ்கேட்டில் இருக்கும் வெதர்ஸ்பூன் பப்புக்கு எல்லோரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் குடிப்பதில்லை, சைவம், பப்புக்குள் கால் வைத்ததே இல்லை. போகாவிட்டால் தப்பாக நினைப்பார்களா? போனால் அங்கே எப்படி நடந்துகொள்வது?"

போங்கள். தயங்காமல் போங்கள். படிக்க வந்த காலத்தில் இதே ஊரில், நகரின் நடுவில் இருந்த ஒரு பெரிய செயின் பப்பில் இரண்டு வருஷம் கவுண்டருக்குப் பின்னால் நின்று வேலை பார்த்தவள் நான். நானும் குடிப்பதில்லை. அந்த இரண்டு வருஷமும் அதற்குப் பிறகு வேலைக்குப் போன வருஷங்களும் எனக்கு ஒரு விஷயத்தைத் தெளிவாகக் காட்டின. உங்கள் கிளாஸில் என்ன இருக்கிறது என்பதை அங்கே யாரும் பார்ப்பதில்லை. உங்கள் முறை வரும்போது எழுந்து போனீர்களா என்பதைத்தான் கவனிக்கிறார்கள். அதை விரிவாகச் சொல்கிறேன், முதலில் அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம்.

ஊரில் 'பார்' என்றதும் நமக்கு டாஸ்மாக் பக்கத்தில் இருக்கும் இருட்டுக் கொட்டகைதான் மனசில் வரும். பெண்கள் போகும் இடமாக அதை நினைத்துப் பார்க்கவே முடியாது. இங்கே அந்தப் படத்தை முழுசாகக் கழற்றி வைத்துவிட வேண்டும். பப் என்பதே 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம். ஸ்பூன்ஸ் (இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், வெதர்ஸ்பூன் என்று முழுசாகச் சொல்பவர் குறைவு) காலையிலேயே டிபனுக்குத் திறந்துவிடும். எட்டு மணிக்குப் போனால் தாத்தா ஒருவர் செய்தித்தாளும் டீயுமாக உட்கார்ந்திருப்பார். டீ, காபிக்கு ஒருமுறை காசு கொடுத்து கப் வாங்கிவிட்டால், இயந்திரத்தில் நீங்களே திரும்பத் திரும்பப் பிடித்துக்கொள்ளலாம். மதியம் குழந்தைகளோடு சாப்பிட வருவார்கள். மாலையானால் அலுவலகக் கூட்டம். ஒரே நாளில் ஒரே கூரைக்குக் கீழ் இத்தனை விதமான ஆட்கள் வந்து போகும் இடம் இந்த ஊரில் வேறு அதிகம் கிடையாது.

1979இல் டிம் மார்ட்டின் என்பவர் வட லண்டனில் மஸ்வெல் ஹில்லில் ஒரே ஒரு பப்போடு தொடங்கியது இது. இன்று பிரிட்டனிலும் அயர்லாந்திலுமாகச் சுமார் 800 இருக்கின்றன. இந்த நிறுவனத்திடம் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மூடிக் கிடந்த பெரிய கட்டிடங்களை எடுத்துத்தான் பெரும்பாலும் பப் ஆக்கினார்கள். தொலைக்காட்சி வந்து திரையரங்குகள் மூடின, வங்கிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கிளைகளை மூடின. அவ்வளவு பெரிய கூடங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கிளாஸ்கோவில் ஜார்ஜ் சதுக்கத்தில் இருக்கும் 'கவுண்டிங் ஹவுஸ்' ஒரு காலத்தில் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து. எடின்பரோவின் 'ஸ்டாண்டிங் ஆர்டர்' பப்பும் பழைய வங்கிதான், அதன் பெட்டக அறையின் கனத்த இரும்புக் கதவை இன்றும் பார்க்கலாம். டன்பிரிட்ஜ் வெல்ஸில் ஒரு ஆபரா அரங்கே பப்பாக இருக்கிறது.

உங்களைக் கூப்பிட்டிருக்கும் டீன்ஸ்கேட் பப்பின் பெயர் 'தி மூன் அண்டர் வாட்டர்' என்று நினைக்கிறேன். அது பழைய சினிமா தியேட்டர், 1995இல் பப் ஆனது. பிரிட்டனிலேயே பெரிய பப் என்று பல வருஷம் பெயர் வாங்கியிருந்தது. 2017இல் ராம்ஸ்கேட் கடற்கரையில் இதே நிறுவனம் திறந்த 'ராயல் விக்டோரியா பெவிலியன்' அதைத் தாண்டிவிட்டது. 'தண்ணீருக்குள் நிலா' என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் ஒரு லண்டன் மாலை நாளிதழில், தன் மனசில் இருக்கும் குறையில்லாத பப் எப்படி இருக்கும் என்று எழுதிய கட்டுரையில் அதற்கு வைத்த பெயர் அது. பேச்சைக் கெடுக்கும் இசை அங்கே இருக்காது என்றார் அவர். ஸ்பூன்ஸ் பப்புகளில் பெரும்பாலும் பாட்டே போட மாட்டார்கள். வெள்ளிக்கிழமை சத்தமாகத்தான் இருக்கும், ஆனால் அது முழுக்க மனிதக் குரல்களின் சத்தம். உள்ளே போனதும் மேலேயும் கீழேயும் ஒருமுறை பாருங்கள். மேலே பழைய தியேட்டரின் உயரமான கூரை தெரியும், கீழே தரைவிரிப்பு. ஒவ்வொரு பப்புக்கும் அந்த இடத்துக்கென்றே வடிவமைத்த விரிப்பைப் போடுவது இவர்களுடைய வழக்கம்.

சரி, வாசலுக்கு வருவோம். வார இறுதி மாலைகளில் வாசலில் காவலர்கள் நிற்பார்கள், கையில் உரிமப் பட்டை கட்டியிருப்பார்கள். இளமையாகத் தெரிந்தால் வயதுச் சான்று கேட்பார்கள். மது வாங்க 18 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் 25க்குக் கீழே தெரியும் எல்லோரிடமும் கேட்பது பல இடங்களில் நடைமுறை. பாஸ்போர்ட் அல்லது ஓட்டுநர் உரிமம் வேண்டும். அலுவலக அட்டையும் பல்கலைக்கழக அட்டையும் செல்லாது, போனில் எடுத்த போட்டோவும் செல்லாது. 'நான் குடிக்க மாட்டேனே' என்று அவரிடம் வாதம் செய்து பயனில்லை. உள்ளே விடும் முன் கேட்பது அவர் வேலை. நானே அந்த வேலையிடத்தில் இருந்திருக்கிறேன், வயது குறைந்த ஒருவருக்குத் தவறி விற்றுவிட்டால் விற்ற ஊழியரே அபராதம் கட்ட வேண்டிவரும். அதனால் கோபப்படாதீர்கள்.

உள்ளே போனதும் உங்கள் ஆட்களைத் தேடிக் கண்டுபிடியுங்கள். இடம் பெரியது, மாடியும் உண்டு, அதனால் குழுவில் 'எந்த மேஜை?' என்று ஒரு செய்தி போடுங்கள். ஒவ்வொரு மேஜையிலும் எண் ஒட்டியிருக்கும். அந்த எண்தான் எல்லாமே. யாரும் வந்து உங்களை உட்கார வைக்க மாட்டார்கள், மேஜைக்கு வந்து ஆர்டரும் எடுக்க மாட்டார்கள். ஓட்டல் பழக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தால் இரவு முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான். ஒன்று, கவுண்டருக்குப் போய் மேஜை எண்ணைச் சொல்லி வாங்கலாம். இல்லாவிட்டால் அவர்களுடைய ஆப்பில் பப்பையும் மேஜை எண்ணையும் தேர்ந்தெடுத்துக் காசு கட்டினால் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். கூச்சமுள்ளவர்களுக்கு இந்த ஆப் பெரிய உதவி. இருந்தாலும் ஒருமுறையாவது கவுண்டரில் நின்று வாங்கிப் பாருங்கள் என்பேன், இந்த ஊரின் பழக்கவழக்கம் அங்கேதான் பிடிபடும்.

கவுண்டரில் நம்மூர் போல வரிசை இருக்காது. நீளமான கவுண்டரில் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே நிற்பார்கள். பார்க்க ஒழுங்கில்லாத கூட்டம் போலத் தெரியும், ஆனால் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரிசை ஓடிக்கொண்டிருக்கும். தனக்கு முன் வந்தவர் யார், பின் வந்தவர் யார் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர் 'அடுத்து யார்?' என்று கேட்கும்போது, உங்களுக்கு முன்னால் வந்தவரைக் காட்டி 'இவர்' என்று சொல்லுங்கள். எங்களுக்கு அது அவ்வளவு பிடிக்கும்! அப்படிச் சொன்னவரை மறக்காமல் அடுத்ததாகக் கவனிப்போம். கை தட்டுவது, விரலைச் சொடுக்குவது, கார்டை ஆட்டிக் காட்டுவது எல்லாம் கூடாது. கண்ணைப் பார்த்து லேசாகச் சிரித்தால் போதும். கொரோனாவுக்குப் பிறகு சில பப்புகளில் ஒற்றை வரிசை வந்துவிட்டது, உங்களுக்கு முன்னால் அப்படி நின்றால் அதில் சேர்ந்துகொள்ளுங்கள்.

வாங்க வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொல்லாமல் மொத்தமாகச் சொல்லுங்கள். பட்டியலில் கின்னஸ் என்ற கறுப்பு பீர் இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். அதை முக்கால் கிளாஸ் ஊற்றி, நுரை அடங்கவிட்டு, மறுபடி நிரப்ப வேண்டும், இரண்டு நிமிஷம் ஆகும். அது அடங்கும் நேரத்தில் மற்றதை எல்லாம் எடுத்துவிடலாம். கடைசியில் 'ஆங், ஒரு கின்னஸும்' என்று சொன்னால் உங்களுக்குப் பின்னால் நிற்கும் அத்தனை பேரும் காத்திருக்க வேண்டும். பீரை 'பைண்ட்' கணக்கில் கேட்பார்கள், அது 568 மில்லி. பாதி வேண்டுமானால் 'ஹாஃப்'. காசை உடனே கட்டிவிட வேண்டும். டிப்ஸ் தேவையில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ரவுண்டு.

நம்மூரில் 'ஒரு ரவுண்டு' என்றால் வேறு பொருள். இங்கே ரவுண்டு என்றால் ஒரு மேஜைக்கு முழுசாக ஒருவர் வாங்குவது. நான்கு பேர் உட்கார்ந்தால் முதலில் ஒருவர் எழுந்து நாலு பேருக்கும் கேட்டு வாங்கி வருவார். கிளாஸ்கள் காலியாகும்போது இன்னொருவர் எழுவார். யாரும் கணக்கு எழுதுவதில்லை. ஆனால் யார் இன்னும் எழவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வாயால் சொல்ல மாட்டார்கள், அதுதான் சிக்கல். வெள்ளைக்காரர்கள் நம்மிடம் சொல்லாமல் மனசில் வைத்துக்கொள்ளும் விஷயங்களில் இதற்கு முதல் இடம் கொடுப்பேன்.

நம்மவர்கள் இதில் மூன்று விதமாகத் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். சிலர் 'நான் குடிப்பதில்லையே, எனக்கு எதற்கு' என்று தங்களுடைய கோக்கை மட்டும் தனியாக வாங்கிக்கொண்டு வந்து உட்காருவார்கள். சொல்லாமல் செய்தால் அது ஒட்டாத தன்மையாகத் தெரியும். சிலர் கூச்சத்தில், கேட்டவர்களிடமெல்லாம் 'சரி' என்று மூன்று எலுமிச்சைச் சோடா வாங்கிக் குடித்துவிட்டு, தங்கள் முறை வருவதற்கு முன்னால் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிடுவார்கள். மூன்றாவது வகைதான் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் அது நம் நல்ல குணத்திலிருந்து வருவது. 'விடுங்க, நானே குடுத்துடறேன்' என்று பத்துப் பேருக்கும் அவரே வாங்கிவிடுவார். நம் வீட்டில் அது பெருமை. இங்கே எதிரில் இருப்பவருக்குத் திருப்பித் தர வழியில்லாமல் போய்விடுகிறது, அவருக்குச் சங்கடம். வாங்குவதும் வாங்கிக்கொள்வதும் மாறி மாறி நடந்தால்தான் அது ரவுண்டு.

அப்படியானால் நீங்கள் என்ன செய்வது? பெரிய கூட்டமாக வந்தாலும் மூன்று, நான்கு பேராகப் பிரிந்துதான் ரவுண்டு நடக்கும். ஒரு சின்ன வட்டத்தில் சேர்ந்து, முதல் அல்லது இரண்டாவது ரவுண்டை நீங்கள் வாங்கிவிடுங்கள். நாலு பேர் என்றால் 15, 20 பவுண்டுக்குள் முடியும். ஸ்பூன்ஸ் விலை மற்ற பப்புகளைவிடக் குறைவு. காலாவதி ஆகப்போகும் பீரை வாங்கி விற்பதால்தான் மலிவு என்று யாராவது சொல்வார்கள், அது வெறும் கட்டுக்கதை. அத்தனை பப்புகளுக்கும் சேர்த்து மொத்தமாக வாங்குகிறார்கள், அதனால் வரும் மலிவு. உங்கள் முறையை முடித்துவிட்டால் அப்புறம் எத்தனை மணிக்குக் கிளம்பினாலும் யாருக்கும் மனசில் ஒன்றும் இருக்காது. மற்றவர்கள் நாலு பவுண்டு பீர் குடிக்க, நீங்கள் குடிப்பது சோடா என்பதால் கணக்கு உங்களுக்குக் கொஞ்சம் நஷ்டம்தான். அதைப் பழகுவதற்கான செலவாக வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் அபிப்பிராயம்.

மதுவைக் காசு கொடுத்து வாங்குவதே உங்கள் மனசுக்கு ஒப்பவில்லை என்றால் அதுவும் நியாயம். முதலிலேயே 'நான் ரவுண்டில் சேரவில்லை, என்னுடையதை நானே வாங்கிக்கொள்கிறேன்' என்று சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டால் பிரச்சினையே இல்லை. அதற்குப் பதிலாக இரண்டு மூன்று பாக்கெட் சிப்ஸ் வாங்கி (இங்கே 'கிரிஸ்ப்ஸ்' என்று கேளுங்கள், 'சிப்ஸ்' என்றால் பிரெஞ்ச் ஃப்ரைஸ் மாதிரி சூடாகப் பொரித்த உருளைக்கிழங்கைக் கொண்டுவந்து வைப்பார்கள்) மேஜை நடுவில் வையுங்கள். பாக்கெட்டின் வாயைத் திறக்காமல், பக்கவாட்டில் நீளமாகக் கிழித்துத் தட்டு போல விரித்து வைப்பது இங்கே வழக்கம். அப்படி விரித்து வைத்தாலே 'எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று அர்த்தம்.

குடிக்க என்ன கேட்பது? இதில் ஒரு எச்சரிக்கை. 'சைடர்' என்று பார்த்து ஆப்பிள் ஜூஸ் என்று நினைத்துவிடாதீர்கள். பிரிட்டனில் சைடர் என்றால் புளிக்க வைத்த ஆப்பிள் மது, பீர் அளவுக்கோ அதற்கு மேலோ போதை தரும். என்னுடன் படித்த ஒரு பெண், வாழ்க்கையில் முதல் முறையாக மது குடித்தது இப்படித் தெரியாமல்தான். பாதி கிளாஸ் முடிந்த பிறகு தெரிந்து அழுதுவிட்டாள். 'ஷாண்டி'யும் பாதி பீர். ஜிஞ்சர் பீர் பெரும்பாலும் குளிர்பானம்தான், ஆனால் மது கலந்த வகையும் உண்டு, கேட்டு வாங்குங்கள். பீர் போலவே இருக்கும் மதுவில்லாப் பீர்களில் 0.0 என்றும் 0.5 என்றும் இரண்டு வகை உண்டு. கொஞ்சம்கூட வேண்டாம் என்பவர்கள் 0.0 பார்த்து வாங்க வேண்டும். 'லெமனேட்' என்றால் நம் எலுமிச்சை ஜூஸ் இல்லை, ஸ்பிரைட் மாதிரி ஒன்று. நான் எப்போதும் கேட்பது 'லைம் அண்ட் சோடா'. விலை குறைவு, பெரிய கிளாஸில் ஐஸோடு வரும், கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசலாம். வெறும் தண்ணீர் கேட்டாலும் தருவார்கள். மது விற்கும் இடங்களில் வாடிக்கையாளர் கேட்டால் குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது இங்கிலாந்தில் சட்டம்.

யாராவது 'ஏன் குடிக்கவில்லை?' என்று கேட்டால் 'நான் குடிப்பதில்லை' என்ற இரண்டு சொல் போதும். மதம், அம்மா, மருந்து என்று காரணம் அடுக்க வேண்டியதில்லை. உங்கள் வயதிலேயே குடிக்காத ஆங்கிலேயர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒருவர் விடாமல் வற்புறுத்தினால், அவரைவிட்டு மேஜையின் அடுத்த முனைக்குப் போய்ப் பேசுங்கள்.

சாப்பாடு. மெனுவில் சைவத்துக்கும் வீகனுக்கும் (பால், முட்டைகூட இல்லாதது) தனித்தனிக் குறி இருக்கும். கவனிக்க வேண்டியது, இந்த ஊர்ச் சைவத்தில் முட்டை உண்டு. நீங்கள் முட்டை சாப்பிடாதவர் என்றால் வீகன் குறியைப் பார்த்து எடுப்பதுதான் பத்திரம். பர்கர் என்று மட்டும் போட்டிருந்தால் அது மாட்டிறைச்சி. உருளைக்கிழங்கு பொரிக்கும் எண்ணெயிலேயே இறைச்சியும் பொரித்திருக்கக்கூடும், அது உங்களுக்கு முக்கியம் என்றால் ஊழியரிடம் கேளுங்கள், கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வியாழக்கிழமை இவர்களுக்கு 'கறி கிளப்' (இங்கே 'கறி' என்றால் இறைச்சி என்று பொருள் இல்லை, குழம்பு மாதிரி ஒன்று), கறியோடு சோறு, நான் ரொட்டி, அப்பளம், ஒரு பானம் எல்லாம் ஒரே விலையில். மற்ற நாளிலும் கறி கிடைக்கும். சர்க்கரைவள்ளிக்கிழங்கும் கொண்டைக்கடலையும் கீரையும் போட்ட ஒன்றைப் பல வருஷம் சாப்பிட்டிருக்கிறேன். நம் குழம்பை நினைத்துக்கொண்டு சாப்பிடக் கூடாது, இனிப்பாக இருக்கும். குளிர் மாலையில் சூடாக இறங்கும், அவ்வளவுதான். கரண்டி, முள்கரண்டி, சாஸ் எல்லாம் நீங்களே போய் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்பூன்ஸுக்கே வரமாட்டேன் என்று சொல்லும் சக ஊழியர் ஒருவர் இருக்கலாம். 2016 வாக்கெடுப்பில் டிம் மார்ட்டின் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேற வேண்டும் என்று வெளிப்படையாகப் பிரச்சாரம் செய்தவர், கிளாஸுக்கு அடியில் வைக்கும் அட்டையில்கூட அதை அச்சடித்தார். அது இன்னும் சிலருக்கு ஆறவில்லை. அந்தப் பேச்சு எழுந்தால் புதிதாக வந்த நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தாலே போதும்.

வீட்டுக்குத் திரும்புவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கிளாஸை மேஜையில் விட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தால் தெரிந்தவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். சந்தேகமாக இருந்தால் அதைக் குடிக்காமல் புதிதாக வாங்குங்கள். போனை மேஜை ஓரத்தில் வைக்காதீர்கள். எட்டு, ஒன்பது மணிக்கு மேல் பேச்சு சத்தமாகி, சொன்னதையே திரும்பச் சொல்ல ஆரம்பிப்பார்கள். குடிக்காதவர்கள் கிளம்ப அதுதான் சரியான நேரம். பெரிதாக விடைபெற வேண்டாம், பக்கத்தில் இருப்பவர்களிடம் சொன்னால் போதும். டிராம் நிறுத்தம் நடக்கும் தூரத்தில்தான். டாக்சி என்றால் கறுப்பு வண்டியைக் கைகாட்டி நிறுத்தலாம், மற்றவற்றை முன்பதிவு செய்தே ஏற வேண்டும். தெருவில் நின்று 'எங்கே போகணும்?' என்று கேட்கும் பதிவில்லாத வண்டியில் ஏறவே ஏறாதீர்கள், அதற்குக் காப்பீடும் கிடையாது.

நேரத்தோடு போங்கள். ஐந்தேகாலுக்குள் போய்விட்டால் மேஜையும் கிடைக்கும், கூட்டம் சேரும் முன் நாலு பேரோடு அமைதியாகப் பேசவும் முடியும். அப்புறம், இது ஒருவரை வழியனுப்பும் மாலை. போகிறவரைக் காசு கொடுக்க விடாமல் மற்றவர்கள் வாங்கித் தருவதுதான் பெரும்பாலும் வழக்கம். அதனால் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டதும் நேராக அவரிடம் போய், இந்த ஊர்க்காரர்கள் கேட்பது போலவே கேளுங்கள்: "வாட் ஆர் யூ ஹேவிங்?"